அழுத்திப் பேசு, விட்டுக் கேள்

(பவானியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஈரோடு ஜங்ஷனில் சரக்கு ரயில் ஒன்று கிளம்புவதை நின்று பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. கடைசிப் பெட்டியின் வாசலில் கார்டு நிற்பார், அரை கிலோமீட்டருக்கும் அப்பால் இன்ஜினில் டிரைவர் இருப்பார். கார்டு கையில் ஒரு கறுப்புச் செட். பட்டனை அழுத்தி நாலு வார்த்தை பேசுவார், விடுவார், பதில் வரும், வண்டி நகரும். பவானிக் கூடுதுறையில் ஆடி அமாவாசைக்குக் கூட்டம் நெரியும்போது படித்துறைப் போலீஸார் கையிலும் அதே வகைச் செட்தான். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தில் ரோந்து போகிற வனக்காவலர்கள் தோளில் அது தொங்குகிறது. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயத்தை நடத்துகிறவர்கள் அது இல்லாமல் ஒரு காரைக்கூட ஓடவிடமாட்டார்கள்.

இவர்கள் எல்லோர் சட்டைப் பையிலும் செல்போன் இருக்கிறது. இருந்தும் வேலை என்று வந்தால் வாக்கி டாக்கியைத்தான் எடுக்கிறார்கள். இதற்குக் காரணம் பழக்கம் மட்டுமல்ல.

செல்போன் இரண்டு பேருக்கான கருவி. ஒருவர் கூப்பிட வேண்டும், மணி அடிக்க வேண்டும், மற்றவர் எடுக்க வேண்டும். வாக்கி டாக்கியில் ஒருவர் பேசினால் அந்தச் சேனலில் இருக்கிற இருபது பேரும் அதே நொடியில் கேட்கிறார்கள். எண் தேட வேண்டாம், எடுப்பாரா என்று காத்திருக்க வேண்டாம். நடுவில் டவரும் இல்லை, எக்ஸ்சேஞ்சும் இல்லை. ஒரு செட்டின் ஆண்டெனாவிலிருந்து கிளம்பிய அலை நேரே இன்னொரு செட்டின் ஆண்டெனாவுக்குப் போகிறது. மின்சாரம் போனாலும் டவர் படுத்தாலும் இந்த இரண்டு செட்டுகளுக்கும் கவலை இல்லை, பேட்டரி இருந்தால் போதும்.

பவானி போன்ற ஓர் ஆற்றங்கரை ஊர் இந்தக் கருவியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், சட்டப்படி வைத்திருக்க வேண்டும், ஒழுங்காகப் பேசப் பழகியிருக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பேச்சின் நோக்கம். இதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. பழக்கம்தான் தேவை.

கையில் வைத்துப் பேசும் ரேடியோவுக்கு வயது 80-ஐத் தாண்டிவிட்டது. கனடாவில் டொனால்ட் ஹிங்ஸ், அமெரிக்காவில் ஆல் கிராஸ் என்று இரண்டு பேர் 1930-களின் கடைசியில் தனித்தனியே செய்து பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்ததும் மோட்டோரோலா நிறுவனம் ஒற்றைக் கையில் பிடிக்கிற செட்டை ஆயிரக்கணக்கில் செய்து ராணுவத்துக்குக் கொடுத்தது. ஐந்து வால்வுகள் வைத்த செட் அது.

அதே காலத்தில், 1941-இல், கோயமுத்தூரில் ஜி.டி. நாயுடு ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கே இந்தியாவில் செய்து தர முடியும் என்று அறிவித்தார். ரேடியோ செய்கிற கையும் மூளையும் கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல என்பதற்காக இதை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. ஆனால் நாட்டின் சட்டம் வேறு வழியில் போனது. 1933-ஆம் ஆண்டின் வயர்லெஸ் தந்திச் சட்டப்படி, வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதற்கே லைசென்ஸ் வேண்டும். வீட்டில் பாட்டுக் கேட்கிற ரேடியோவுக்குக்கூட 1980-களின் நடுப்பகுதி வரை தபாலாபீசில் லைசென்ஸ் கட்டணம் கட்டிய தலைமுறை இன்னும் இந்த ஊரில் இருக்கிறது. கேட்பதற்கே லைசென்ஸ் என்றால் பேசுவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் நடந்தது நேர்மாறானது. போர் முடிந்த 1945-லேயே பொதுமக்களுக்கென்று ஒரு ரேடியோ சேவையை அந்த நாட்டின் தகவல்தொடர்பு ஆணையம் திட்டமிட்டது. 1958-இல் 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 23 சேனல்களை ஒதுக்கிக் கொடுத்தது. சிட்டிசன்ஸ் பேண்ட் என்று பெயர், சுருக்கமாக சி.பி. முதலில் தச்சர், பிளம்பர், டாக்சிக்காரர் என்று சிறு தொழில்காரர்கள் பயன்படுத்தினார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. டீசல் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு நாடு முழுவதும் மணிக்கு 55 மைல் என்று வேகத்துக்கு வரம்பு கட்டினார்கள். லாரி டிரைவர்கள் எந்த பங்கில் டீசல் இருக்கிறது, எங்கே போலீஸ் நிற்கிறது, எந்த ரோட்டில் விபத்து என்று சி.பி.யில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே ஓட்டினார்கள். 19-ஆம் சேனல் நெடுஞ்சாலைக்காரர்களின் பொதுச் சேனலாயிற்று. 9-ஆம் சேனலை அவசர உதவிக்கென்றே 1970-இல் ஒதுக்கியிருந்தார்கள். ரியாக்ட் என்ற தொண்டர் அமைப்பு 1962-லிருந்து அவசர அழைப்புகளுக்குக் காது கொடுத்து வந்தது. சம்பளம் கிடையாது. வீட்டில் செட்டைப் போட்டுவிட்டு, எங்காவது ஒரு குரல் உதவி கேட்கிறதா என்று முறை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். 1977 ஜனவரியில் சேனல்கள் 40 ஆயின. 1983-இல் லைசென்ஸே வேண்டாம் என்றார்கள்.

இதைக் கேட்கும்போது சங்ககிரியும் நாமக்கல்லும் நினைவுக்கு வராமல் இருக்காது. நாட்டின் பெரிய லாரி ஊர்கள் அவை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியாவில் போர் போடாத மாநிலம் இல்லை. இரண்டு மூன்று வண்டி சேர்ந்து இரவு பகலாக ஓடுகிற தொழில். சி.பி. ரேடியோ இவர்களுக்கென்றே செய்ததுபோல் பொருந்தியிருக்கும். ஆனால் வரவில்லை. 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று இந்திய அரசு விதி கொண்டுவந்தது 2005-இல்தான். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2003-இல், செல்போனில் வருகிற அழைப்புக்குக் காசில்லை என்றாகிவிட்டது. டிரைவர், கிளீனர் எல்லோர் கையிலும் போன் வந்தாயிற்று. இப்படி ஒரு தலைமுறை முழுவதும் பொதுச் சேனலில் பேசிப் பழகாமலே நேராகச் செல்போனுக்குப் போய்விட்டது. செட் வராமல் போனதைவிடப் பெரிய இழப்பு, அந்தப் பழக்கம் வராமல் போனது. முன்பின் தெரியாத ஒருவர் உதவி கேட்டால் எல்லோரும் கேட்டு, அருகில் இருப்பவர் பதில் சொல்கிற பழக்கம் அது.

இன்று இந்தியாவில் ஒரு சாதாரணக் குடிமகன் தேர்வும் லைசென்சும் இல்லாமல் பேசக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று மேலே சொன்ன 27 மெகாஹெர்ட்ஸ் பகுதி. கணக்காகச் சொன்னால் 26.957-லிருந்து 27.283 வரை, 5 வாட் வரையிலான சக்தியோடு. அமெரிக்க சி.பி. செட்டில் முதல் சேனல் 26.965, ஒன்பதாவது 27.065, பத்தொன்பதாவது 27.185. இவை எல்லாம் இந்திய எல்லைக்குள்தான் வருகின்றன. ஆனால் 27-ஆம் சேனலோடு நம் எல்லை முடிகிறது. 28-ஆம் சேனல் 27.285, கோட்டுக்கு வெளியே. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் 40 சேனல் செட்டை வாங்கி வந்து கொடுத்தால், கடைசிப் பதின்மூன்று சேனல்களும் இங்கே பேசுவதற்கு உரியவை அல்ல என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது இடம் 446.0-லிருந்து 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை. 2018-இல் வந்த குறைந்த சக்திக் கருவிகளுக்கான விதிகள் இதைத் திறந்துவிட்டன. ஐரோப்பாவில் 1990-களின் கடைசியிலிருந்தே மக்கள் பயன்படுத்தி வருகிற பகுதி இது. அங்கே அரை வாட் சக்தி, 16 சேனல். முதல் சேனல் 446.00625, அதன்பின் 12.5 கிலோஹெர்ட்ஸ் விட்டு விட்டு அடுத்தடுத்த சேனல், கடைசிச் சேனல் 446.19375. அவ்வளவு சின்ன இடத்துக்குள் 16 பேச்சுகள் ஒன்றையொன்று தொடாமல் நடக்கலாம்.

இந்த இரண்டு இடத்துக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு. யாருக்கும் தனியுரிமை கிடையாது. பக்கத்து ஊர்க்காரர் அதே சேனலில் பேசினால் தடுக்கச் சொல்லிப் புகார் செய்ய முடியாது. பவானியில் அணைக்கட்டிலிருந்து கிளம்புகிற காலிங்கராயன் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதைப்போல, சேனலையும் முறை வைத்துத்தான் பேச வேண்டும். ஒருவர் மடையைத் திறந்தே வைத்துக்கொண்டால் அடுத்தவர் வயல் காயும்.

இனிச் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்கும் மூவாயிரம் ரூபாய்க்கும் விற்கிற பல செட்டுகள் இந்த இரண்டு இடத்தோடு நிற்பவை அல்ல. 136-லிருந்து 174 மெகாஹெர்ட்ஸ், 400-லிருந்து 480 மெகாஹெர்ட்ஸ் என்று எங்கே வேண்டுமானாலும் திருகிப் பேசலாம். அந்த அகலத்துக்குள் போலீஸ், ரயில்வே, வனத்துறை, கடலோரக் காவல் எல்லோருடைய அலைவரிசையும் அடங்கும். லைசென்ஸ் இல்லாமல் அப்படி ஒரு செட்டை வைத்திருப்பதே குற்றம். இது தெரியாமல் கல்யாண மண்டபத்துக்கும் காவலாளிக்கும் பரிசளிப்பதுபோல் வாங்கிக் கொடுத்தவர்கள் உண்டு. 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அந்த மாதக் கடைசியில் வாக்கி டாக்கி விற்பனைக்கென்றே வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. எந்த அலைவரிசையில் வேலை செய்யும், லைசென்ஸ் வேண்டுமா வேண்டாமா, உபகரண வகை ஒப்புதல் இருக்கிறதா என்பதை விற்கிறவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒப்புதலைத் தருவது தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் திட்டமிடல் பிரிவு. வாங்குகிறவர் பெட்டியின்மேல் 446.0 – 446.2 என்று இருக்கிறதா, ஒப்புதல் எண் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். விற்கிறவர் இதற்குப் பதில் சொல்லத் தயங்கினால் அந்தச் செட் வேண்டாம்.

எத்தனை தூரம் கேட்கும்? கடையில் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். பெட்டியின்மேல் 10 கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள். அது பொய்யென்று சொல்ல முடியாது, ஆனால் எங்கே நின்று சோதித்தார்கள் என்பதைப் பெட்டி சொல்லாது. 446 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமி உருண்டை என்பதால், முகத்தருகே செட்டைப் பிடித்து நிற்கிற ஒருவருக்கு ரேடியோ அடிவானம் சுமார் 5 கிலோமீட்டர். எதிரிலும் அப்படி ஒருவர் நின்றால் இரண்டும் சேர்ந்து 10. நடுவே ஒரு தடையும் இல்லாத வெட்டவெளிக்கு அந்தக் கணக்கு. பவானிக் கடைவீதியின் காங்கிரீட் வீடுகளுக்கு நடுவே ஒரு கிலோமீட்டர் கிடைத்தாலே நல்ல செட். தென்னந்தோப்பு, கரும்புத் தோட்டம், இரும்புக் கூரை போட்ட தறிக்கூடம் எல்லாம் அலையைத் தின்னும்.

உயரம்தான் இதற்கு மருந்து. சுற்றுப்புறத்தைவிட 300 மீட்டர் உயர்ந்த ஒரு குன்றின் உச்சியில் நின்றால் அடிவானம் 70 கிலோமீட்டருக்குப் போய்விடும். அதனால்தான் போலீஸும் வனத்துறையும் மலை உச்சியில், சேதியை வாங்கித் திருப்பி அனுப்புகிற ரிப்பீட்டர் வைக்கின்றன. பொதுமக்கள் செட்டுக்கு ரிப்பீட்டர் கிடையாது. ஆனால் மனிதரே ரிப்பீட்டர் ஆகலாம். ஊராட்சிக்கோட்டை மலைமேல் ஒருவர் செட்டோடு உட்கார்ந்தால், ஒருவரையொருவர் கேட்க முடியாத இரண்டு ஊர்க்காரர்களின் சேதியை அவர் வாங்கி மாற்றிச் சொல்லலாம். இன்னொன்று, ஆறு. தண்ணீருக்குமேல் தடை கிடையாது. பவானிக் கரையிலிருந்து எதிர்க்கரைக் குமாரபாளையத்துக்கு அரை வாட் செட்டே தாராளம். ஒரு கரை ஈரோடு மாவட்டம், மறுகரை நாமக்கல் மாவட்டம். வெள்ளக் காலத்தில் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தினால் இரண்டு கரைக்காரர்களும் நேரே பேசிக்கொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

27 மெகாஹெர்ட்ஸின் குணம் வேறு. அலைநீளம் 11 மீட்டர். கால் பங்கு நீள ஆண்டெனா என்றால்கூட 9 அடி வேண்டும். கைச்செட்டில் 9 அடிக் கம்பி வைத்து யாரும் நடக்க முடியாது, அதனால் சுருட்டிக் குட்டையாக்குகிறார்கள், சக்தியில் பெரும்பகுதி அங்கேயே போய்விடுகிறது. 446-இன் கால் அலை 17 சென்டிமீட்டர்தான், சாண் நீளம்கூட இல்லை. கைச்செட்டுக்கு அதுவே இயற்கையான இடம். பிறகு 27-இல் என்ன பெருமை? சூரியனில் புள்ளிகள் மிகும் காலத்தில், ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை, வானத்தின் மேலடுக்கு இந்த அலையைத் திருப்பி அனுப்பும். அப்போது பக்கத்து ஊர் கேட்காது, ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து தெரியாத மொழி ஒன்று கணீரென்று கேட்கும். பொழுதுபோக்குக்கு அற்புதம். அவசர வேலைக்கு அது இடைஞ்சல்தான். பவானிக்கு 446-தான் பொருத்தம் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

பேசும் முறைக்கு வருவோம். செட்டின்மேல் உள்ள திருகு ஒலி அளவுக்கு. சேனல் மாற்ற இரண்டு பட்டன். பக்கவாட்டில் பெரிய பட்டன் ஒன்று இருக்கும், அதுதான் உயிர். அழுத்தினால் பேசலாம், கேட்க முடியாது. விட்டால் கேட்கலாம், பேச முடியாது. செல்போனில் பழகியவர்கள் செய்கிற தவறு பெரும்பாலும் இங்கேதான். அழுத்தியபடியே பதிலுக்குக் காத்திருப்பார்கள், எதிரில் இருப்பவரின் பதில் காற்றில் போய்விடும். அல்லது அழுத்தும் முன்பே பேச ஆரம்பித்துவிடுவார்கள். "வராதீங்க" என்பதில் முதல் பாதி வெட்டுப்பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 1930-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலப் போலீஸ் இதே தொல்லையைச் சந்தித்தது. அந்தக் காலச் செட்டு முழுச் சக்தி பெறச் சிறிது நேரமாகும், முதல் அசை தொலைந்துபோகும். அதனால் ஒவ்வொரு சேதிக்கும் முன்னால் ‘டென்’ என்று சேர்த்தார்கள். ‘டென்-போர்’ என்றால் சரி, கேட்டது என்று பொருள். படத்தில் கேட்கிற அந்தச் சங்கேதத்துக்குப் பின்னால் இவ்வளவு எளிய காரணம். இன்றைய செட்டுக்கு அது தேவையில்லை. பட்டனை அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, பிறகு பேசினால் போதும்.

செட்டை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். படுக்க வைத்தால் ஆண்டெனாவும் படுக்கும், தூரம் குறையும். வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்துச் சாதாரணக் குரலில் பேச வேண்டும். கத்தினால் எதிரில் கரகரப்புத்தான் கேட்கும். யாரைக் கூப்பிடுகிறோமோ அவர் பெயர் முதலில், நம் பெயர் அடுத்து. தன் பெயரைக் கேட்டதும்தான் ஒருவர் காது கொடுப்பார் என்பதால் அந்த வரிசை. பெயருக்குப் பதில் நிற்கிற இடத்தின் பெயரே நல்லது.

"பாலக்கரை, பாலக்கரை, கூடுதுறை பேசறனுங்க. ஓவர்."

"கூடுதுறை, சொல்லுங்க. ஓவர்."

"தண்ணி மூணாம் படி ஏறியிருக்குதுங்க. மூணாம் படி. ஓவர்."

"மூணாம் படி. கேட்டுச்சுங்க. ஓவர்."

இதில் கவனிக்க வேண்டியது, எண்ணை இரண்டு முறை சொன்னதும், கேட்டவர் அதையே திருப்பிச் சொன்னதும். ‘சரி’ என்று மட்டும் பதில் சொன்னால் மூன்றா ஆறா என்று சொன்னவருக்குத் தெரியாது. கொங்குப் பேச்சின் ‘ங்க’வை விட்டுவிட வேண்டியதில்லை, அது அரை நொடிகூட எடுக்காது. பதற்றத்தில் இருக்கிறவரிடம் மரியாதையாகப் பேசினால் அவரும் நிதானமாவார். நீளமான விளக்கம்தான் கூடாது. சேதி பத்து நொடிக்கு மேல் போனால் இரண்டாகப் பிரிக்க வேண்டும், நடுவில் இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளியில்தான் உயிர்போகிற சேதி வைத்திருக்கிற ஒருவர் உள்ளே நுழைய முடியும்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் என்ன ஆகும்? பழைய சி.பி. செட்டில் இரண்டு குரலும் மோதி ஒரு விசில் சத்தம் கேட்கும். யாரோ முட்டிக்கொண்டார்கள் என்று தெரிந்துவிடும். 446 செட்டில் அப்படி இல்லை. வலுவான குரல் மட்டும் கேட்கும், மெலிந்த குரல் அடையாளமே இல்லாமல் மறைந்துவிடும். தொலைவில் சிக்கிய ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கலாம், பக்கத்தில் இரண்டு பேர் அரட்டை அடித்தால் யாருக்கும் தெரியாது. பட்டன் பையில் மாட்டி அழுத்தியபடியே கிடந்தால் சேனல் முழுவதும் செத்துவிடும். ஆகவே பேசும் முன் கேட்க வேண்டும், வேலை இல்லாதபோது வாயை மூட வேண்டும்.

செட்டில் பிரைவசி கோடு என்று ஒன்று இருக்கும், 38 எண்கள். அதைப் போட்டால் வேறு யாரும் கேட்க முடியாது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பேச்சோடு ஒரு மெல்லிய ஒலி சேர்ந்து போகும். அதே ஒலி வருகிற பேச்சுக்கு மட்டும் உங்கள் செட் வாய் திறக்கும். அதாவது அடுத்தவர் பேச்சை நீங்கள் கேட்காமல் இருக்கலாம், உங்கள் பேச்சை அவர் கேட்பதை இது தடுக்காது. வீட்டில் ஆள் இல்லை, சாவி இங்கே இருக்கிறது என்பதெல்லாம் சேனலில் சொல்கிற சேதி அல்ல. அவசரக் காலத்தில் இந்தக் கோடு ஒரு தடையும்கூட. இரண்டு குழு ஒரே சேனலில் வேறு வேறு கோடு போட்டிருந்தால், ஒருவர் கூக்குரல் மற்றவர் காதில் விழாது. கோடு பூஜ்யம் என்று எல்லோரும் வைத்துக்கொள்வதே நல்லது.

இவ்வளவு எதற்கு, டவர் இருக்கிறதே என்று கேட்கலாம். 2015 டிசம்பரில் சென்னையில் டவர் இருந்தது. வெள்ளம் வந்ததும் மின்சாரம் போனது, டவர் பேட்டரி தீர்ந்தது, நகரின் பல பகுதிகளில் போன் ஊமையானது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் டெல்டாவைக் கடந்தபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன, பல ஊர்களுக்கு நாள்கணக்கில் தொடர்பு இல்லை. 2024 ஜூலை 30 வயநாட்டு நிலச்சரிவில் சூரல்மலையிலும் முண்டக்கையிலும் மலையே இறங்கியது. அப்போது கல்பற்றா கலெக்டர் அலுவலகத்தில் ஹாம் ரேடியோ நிலையம் அமைத்தார்கள். அம்பலவயல் பொன்முடிக்கோட்டையில் உள்ள ரிப்பீட்டர் வழியாக மலைமேலிருந்து சேதி வந்தது. ஹாம் என்பவர்கள் அரசுத் தேர்வு எழுதி, அழைப்புக் குறி வாங்கிய தன்னார்வ ரேடியோக்காரர்கள்.

அவர்களில் ஒருவரைக் குறிப்பிடாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. பாரதி பிரசாத் என்ற பெண்மணி, அழைப்புக் குறி வி.யு.2.ஆர்.பி.ஐ. 2004 டிசம்பரில் அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசச் சிறப்பு அனுமதி வாங்கிக் குழுவோடு போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். டிசம்பர் 26 காலையில் நிலம் நடுங்கியது, கடல் ஏறியது, தீவுகளின் போன் தொடர்பு அறுந்தது. பொழுதுபோக்குக்கு விரித்த அதே ஆண்டெனாவை வைத்து அவர் பெருநிலத்துக்குச் சேதி அனுப்பத் தொடங்கினார். யார் பிழைத்தார், யாரைத் தேடுகிறார்கள் என்று கேட்ட குடும்பங்களுக்கு அந்தக் குரல்தான் பதிலாக இருந்தது. அதே நாள்களில் இலங்கையில் விக்டர் குணதிலக்கவும் நண்பர்களும் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே ரேடியோ வழியே தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தார்கள். கருவி தயாராக இருந்தது, கையும் பழகியிருந்தது.

தூரத்தின் எல்லையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒக்கி புயல் கசப்பான பாடம். 2017 நவம்பர் கடைசியில் கன்னியாகுமரி ஆழ்கடல் மீனவர்கள் கரையிலிருந்து வெகுதொலைவில் இருந்தார்கள். படகில் வி.எச்.எப். செட் இருந்தாலும் அதன் குரல் சில பத்துக் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். கரையின் எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. எந்தச் செட் எதுவரை போகும் என்று தெரிந்திருப்பதும் உயிர் காக்கிற அறிவுதான்.

இனி பவானி. மேட்டூர் நிரம்பி உபரி திறந்தால் காவிரியும், பவானிசாகர் நிரம்பினால் பவானி ஆறும் வந்து சேர்கிற இடம் இது. இரண்டும் ஒரே நேரத்தில் பெருகினால் கூடுதுறைக்கு மேலே தண்ணீர் எதிர்த்து நிற்கும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் கந்தன்பட்டறை, காவேரி நகர் போன்ற தாழ்ந்த பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததையும், மக்களைப் பள்ளிகளுக்கும் மண்டபங்களுக்கும் மாற்றியதையும் இந்த அவையில் பலர் நேரில் பார்த்திருப்பார்கள். அணையில் எவ்வளவு திறந்தார்கள் என்ற கணக்கு நீர்வளத்துறைக்குத் தெரியும், வருவாய்த்துறைக்கும் வரும். அந்தச் சேதி கடைசித் தெருவின் கடைசி வீட்டுப் பாட்டிக்கு எப்படிப் போகிறது என்பதில்தான் இடைவெளி விழுகிறது. நள்ளிரவில் மின்சாரத்தை நிறுத்திய தெருவில் வாட்ஸ்அப் குழுவை யார் பார்ப்பார்?

தெருவுக்கு இரண்டு செட் போதும். ஆற்றோரத் தெருக்கள் எல்லாம் சேர்ந்து ஒரே சேனலைத் தேர்ந்துகொள்ளட்டும், கூட்டம் மிகும்போது மாறிக்கொள்ள மாற்றுச் சேனல் ஒன்றையும் முடிவு செய்து வைக்கட்டும். ஒருவர் மட்டும் ஊருக்கு மேடான, டவர் கிடைக்கிற இடத்தில் செட்டும் போனுமாக உட்காருவார். தெருச் சேதியைச் செட்டில் வாங்கி, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-க்கோ, அவசர எண் 112-க்கோ சொல்வது அவர் வேலை. அங்கிருந்து வருவதைத் திருப்பிச் சொல்வதும் அவரே. ஒவ்வொரு மணிக்கும் தலை எண்ணிக்கைபோல இடம் இடமாகக் கூப்பிட்டுப் பதில் வாங்க வேண்டும், பதில் வராத இடத்துக்கு ஆள் போக வேண்டும். தாசில்தாரிடமும் காவல் நிலையத்திலும் இந்த ஏற்பாட்டை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது. ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசைக் கூட்டங்களில் தொலைந்த குழந்தைகளைத் தேடுவதற்கு இதே செட்டுகளைப் பயன்படுத்தினால் பழக்கமும் ஆகும், பலனும் கிடைக்கும். வெள்ளம் வந்த அன்றைக்கு முதன்முறையாகப் பெட்டியைப் பிரிக்கிறவரால் எந்தப் பயனும் இல்லை.

மலைப்பக்கம் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். அந்தியூர் தாண்டி பர்கூர் மலையிலும் சத்தியமங்கலம் தாண்டிக் கடம்பூர் மலையிலும் போன் சிக்னல் வந்து வந்து போகும். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. ஒரு பெரிய லாரி நடு வளைவில் நின்றுவிட்டால் மேலேயும் கீழேயும் வரிசை கட்டிவிடும். வளைவுக்கு வளைவு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள முடிகிற தூரம் என்பதால் அரை வாட் செட்டே வேலை செய்யும், மலை மடிப்புக்கு அந்தப் பக்கம் மட்டும் போகாது. சேர்ந்து போகிற வண்டிகளில் முதல் வண்டியிலும் கடைசி வண்டியிலும் ஆளுக்கொரு செட் இருந்தால், கடைசி வண்டி பிரேக் டவுன் ஆனது அடிவாரத்தில்தான் தெரிந்தது என்ற நிலை வராது. ஓட்டுகிறவர் பேசக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் பேசட்டும். காட்டுக்குள் இறங்கிச் செட்டோடு நடப்பதாக இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது.

ஆழமாகப் போக விரும்புகிற மாணவர்களுக்கு ஹாம் தேர்வு இருக்கிறது. சின்ன எலக்ட்ரானிக்ஸ், ரேடியோ ஒழுங்குமுறை விதிகள், பேசும் முறை இவைதான் பாடம். பாலிடெக்னிக், இன்ஜினியரிங் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லாத கொங்கு நாட்டில் ஊருக்கு நாலு பேர் அந்த லைசென்ஸ் வாங்குவது பெரிய காரியமல்ல. அவர்களுக்குத் திறக்கிற அலைவரிசைகளும் சக்தியும் மிக அதிகம், பவானியிலிருந்து கோயமுத்தூரை மட்டுமல்ல, கோலாலம்பூரையும் கூப்பிடலாம்.

கடைசியாக பேட்டரி. வாங்கிய செட்டுகளில் பல, பீரோவுக்குள்ளேயே சாகின்றன. லித்தியம் பேட்டரியை முழுக்கக் காலியாக்கிப் பல மாதம் போட்டு வைத்தால் திரும்பச் சார்ஜ் ஏறாது, பாதிச் சார்ஜில் வைத்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும். பென்சில் பேட்டரி போடுகிற மாடல் கிடைத்தால் அதை விட வேண்டாம், கரன்ட் இல்லாத நாளில் மளிகைக் கடையிலேயே சார்ஜர் கிடைத்த மாதிரி. பாதுகாத்து வைக்கும்போது அந்தப் பேட்டரிகளைக் கழற்றிவிட வேண்டும், கசிந்தால் உள்ளே எல்லாம் அரித்துவிடும். மேட்டூரில் பாசனத்துக்குத் திறக்கிற வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் ஒதுக்கி, எல்லாச் செட்டையும் எடுத்து, ஆற்றோரத் தெரு ஒவ்வொன்றிலிருந்தும் கூப்பிட்டுப் பார்த்து, எங்கே கேட்கிறது எங்கே கேட்கவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். இந்தக் கூட்டம் முடிந்ததும் விருப்பமுள்ளவர்கள் முன்வரிசைக்கு வந்து தெருப் பெயரைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.